ஒரு கோடு எத்தனை கை மாறுகிறது?

பைத்தானின் மேட்பிளாட்லிப் நூலகத்தால் வரைந்த ஒரே வரைபடத்தை பிஎன்ஜி, பிடிஎஃப் என இரண்டு வகையாகச் சேமித்தால், பெரிதாக்கும்போது முதலாவது மங்குகிறது, இரண்டாவது கூர்மையாகவே இருக்கிறது. ஏன் என்று கேட்கிறார் ஒரு வாசகர்.  விடை, நாம் எழுதும் கட்டளைக்கு அடியில் நடக்கும் வேலையில் இருக்கிறது.

வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்த ஜான் ஹன்டர் தொடங்கிய இந்த நூலகம் 2003இல் வெளிவந்தது. 2012இல் அவர் காலமானார். வரலாறு இவ்வளவு போதும்.

இதில் மூன்று அடுக்குகள். மேலே, நாம் கட்டளையிடும் பைபிளாட். நடுவில், அச்சு, கோடு, தலைப்பு எல்லாவற்றையும் பொருள்களாக வைத்திருக்கும் ஆர்ட்டிஸ்ட். அடியில், உண்மையில் வரையும் பேக்எண்ட். தொடக்கத்தில் கோட்டுக்கு ஒன்று, செவ்வகத்துக்கு ஒன்று, பலகோணத்துக்கு ஒன்று எனப் பேக்எண்டுக்குத் தனித்தனி கட்டளைகள் இருந்தன. புதிய கோப்பு வகை வந்தால் அத்தனையையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. பிறகு எல்லா வடிவங்களையும் 'பாதை' என்ற ஒன்றில் அடக்கினார்கள். பேனாவை இங்கே வை, அங்குவரை நேராக இழு, இப்படி வளை, தொடங்கிய இடத்தில் மூடு: பாதை என்பது இவ்வளவுதான். வட்டம்கூட சில வளைவுத் துண்டுகளாகவே கீழே இறங்குகிறது.

தையல் கடையில் கட்டிங் மாஸ்டர் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டால், மிஷினில் உட்காருபவருக்கு அது யார் சட்டை என்று தெரிய வேண்டியதில்லை; கோட்டின் மேல் ஓட்டினால் போதும். கால் மிஷினோ பவர் மிஷினோ, கோடு ஒன்றே. பாதைதான் அந்தக் கோடு, பேக்எண்ட்தான் அந்த மிஷின். காஜாவுக்கும் இங்கே இடமுண்டு: ஒரே வடிவக் காஜாவைப் பல இடங்களில் போடுவதுபோல, வரைபடத்தில் ஆயிரம் புள்ளி வைக்க ஆயிரம் முறை கோடு போடுவதில்லை, ஒரு புள்ளியின் வடிவத்தையும் இடங்களின் பட்டியலையும் கொடுத்தால் போதும்.

வாசகருக்கு விடையும் இங்கேதான். அதே பாதையை ஆக் என்ற பேக்எண்ட் பிக்சல்களாக நிரப்பி பிஎன்ஜி ஆக்குகிறது. பிடிஎஃப் பேக்எண்டோ பாதையைப் பாதையாகவே எழுதுகிறது. நகர்த்து, இழு, வளை, மூடு என்பவற்றுக்கு பிடிஎஃப் மொழியிலேயே எம், எல், சி, எச் என ஓரெழுத்துக் கட்டளைகள் உண்டு. பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் கோடு புதிதாக வரையப்படுகிறது.

மேலடுக்கில்தான் எனக்குக் குறை. 'இப்போதைய படம்' எது என்று பைபிளாட் தானே நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு படத்துக்கு அது வசதி. நான்கு படங்களை அடுக்கும்போது கோடு தவறான கட்டத்தில் போய் விழக்கூடும். வரையும் ஃபங்ஷன் எழுதினால், எந்தக் கட்டத்தின் அச்சுத்தொகுதியில் வரைய வேண்டும் என்பதையும் அதற்கு உள்ளீடாகக் கொடுங்கள்.