மணவறை மலரும் கூறையின் நிறமும்

யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணத்திலே மணமகள் இருமுறை மணவறைக்கு வருகின்றாள். முதன்முறை வரும்போது ஒரு நிறத்துப் பட்டு உடுத்திருப்பாள். சடங்குகளின் நடுவே மணமகன் கூறைத்தட்டை அவளிடம் அளிக்க, அவள் எழுந்து சென்று கூறையை உடுத்து மீண்டும் வருவாள். அதன் பின்னரே தாலி ஏறும். மாலை மாற்றுதல் நிகழும். மணவறை ஒன்றே; அதைச் சூழ்ந்த மலரலங்காரமும் ஒன்றே. ஆனால் அதன் நடுவே அமர்பவளின் நிறமோ அரை மணி நேரத்திலே மாறிவிடுகின்றது. முதற் சேலைக்குப் பொருந்திய மலர் கூறைக்குப் பகையாகலாம். கூறைக்கு இசைந்த மலர் முதற் சேலையை மங்கச் செய்யலாம். திருமணத்துக்கு மலர் தெரிவோர் முதலில் எண்ண வேண்டியது இதனையே.

இக்காலத்து மணமக்கள் தம் திருமணத்துக்கென இரண்டு மூன்று நிறங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்கின்றனர். அழைப்பிதழ், பந்தல், பூச்செண்டு யாவும் அந்நிறங்களிலேயே அமைய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இளநீலமும் சந்தனமும் என்பார் சிலர். வெள்ளையும் பச்சையும் மட்டும் போதும் என்பார் வேறு சிலர். வீட்டிலுள்ள பெரியோரோ, "மங்கல காரியத்திலே சிவப்பும் மஞ்சளும் இல்லாமலா?" என்று கேட்கின்றனர். இவ்விரு விருப்பங்களும் மோதும் இடத்திலே பல வீடுகளில் மனவருத்தம் தோன்றுவதுண்டு. மலர்களின் இயல்பையும் நிறங்களின் இயல்பையும் சிறிது அறிந்துகொண்டால், அம்மோதலின் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும்.

நிறத்தையும் வடிவத்தையும் கருதி மலர் தொடுப்பது தமிழர்க்குப் புதியதன்று. தலையிற் சூடுவது கண்ணி, ஆடவர் மார்பில் அணிவது தார், மகளிர் அணிவது கோதை என வடிவத்துக்கு ஒரு பெயராகப் பழந்தமிழர் வகுத்திருந்தனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்கள் பெயர் சொல்லி அடுக்கப்பட்டுள்ளன. அகநானூற்றின் 86ஆம் பாட்டிலே ஒரு திருமணக் காட்சி வருகின்றது. புதல்வரைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்ட, நீரோடு சொரிந்த மலரிதழும் நெல்லும் அவளுடைய கருங்கூந்தலிலே தங்கி நிற்கின்றன. அங்கே பொருள்கள் மிகச் சில. ஆயினும் கரிய கூந்தல் பின்னணியாக நிற்பதால் இதழும் நெல்லும் தனித்தனியே விளங்குகின்றன. எந்த மலர் அழகியது என்பதைவிட, அது எதன்மேல் இருக்கின்றது என்பதே பெரிது என்னும் உண்மை அக்காட்சியிலே அடங்கியிருக்கின்றது.

இவ்வுண்மையை ஆராய்ந்து நூலாக எழுதியவர் பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் செவ்ரல். பாரிசு நகரிலே கோபலின் என்னும் புகழ்பெற்ற நெசவுச்சாலையில் 1824ஆம் ஆண்டு முதல் சாயப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் அவர். அங்கே தோய்த்த கறுப்பு நூல் போதிய கருமையின்றி இருக்கின்றது என்று முறைப்பாடுகள் வந்தன. அவர் சாயத்தைச் சோதித்துப் பார்த்தார், சாயத்திலே குறையில்லை. அக்கறுப்புக்கு அருகே நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவுமே அதனைக் கண்ணுக்கு மங்கலாகக் காட்டின என்பதைக் கண்டார். ஒரு நிறம் தன் அயல் நிறத்தை மாற்றிக் காட்டும் என்னும் விதியை விளக்கி 1839ஆம் ஆண்டிலே நூல் வெளியிட்டார். ஒத்த நிறங்கள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று மங்கச் செய்யும். எதிர் நிறங்கள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று ஒளிரச் செய்யும். சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை, நீலத்துக்குச் செம்மஞ்சள், மஞ்சளுக்கு ஊதா.

இந்த விதியைக் கூறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். மரபான கூறை சிவப்பு நிறமுடையது, பொற்சரிகை இழையோடியது. அதன்மேல் முழுவதும் சிவப்பு ரோசா மலராலான மாலையை இட்டால், விலை எவ்வளவாயினும் மாலை சேலையோடு கலந்து மறைந்துவிடும். சற்றுத் தொலைவில் இருப்போருக்கு மாலை இருப்பதே தெரியாது. மல்லிகை மொட்டை நெருக்கமாகத் தொடுத்து, இடையிடையே மரிக்கொழுந்தோ துளசியோ சேர்த்து, குஞ்சத்திலே மட்டும் சிவப்பு ரோசாவை வைத்தால் மாலையும் விளங்கும், கூறையும் விளங்கும். ஊர்களிலே மாலை கட்டுவோர் வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவே பச்சைக் கொழுந்தை வைப்பது மணத்துக்காக மட்டுமன்று. செவ்ரலின் நூலைப் படியாமலே, கண்ணின் பழக்கத்தினால் அவர்கள் கண்டறிந்த முறை அது.

ஆதலின், தெரிவு செய்ய வேண்டிய ஒழுங்கு தெளிவாகின்றது. கூறையே முதலில் எடுக்கப்பட வேண்டும். மலர் அதன்பின் வர வேண்டும். மாலை மாற்றும்போது மணமகள் கூறையோடு நிற்பதால், அந்த மாலைகள் கூறைக்கு மட்டும் பொருந்தினாற் போதும். மணவறையின் பின்னணியோ இரு சேலைகளுக்கும் பொருந்த வேண்டும். வெள்ளை, சந்தனம், இலைப்பச்சை ஆகிய அமைதியான நிறங்களே அதற்கு ஏற்றவை. நிறங்களைப் பங்கிடுவதிலே அலங்காரக் கலைஞர் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்றுண்டு: பத்திலே ஆறு பங்கு ஒரு முதன்மை நிறம், மூன்று பங்கு துணை நிறம், ஒரு பங்கு எடுப்பான நிறம். மூன்று நிறங்களையும் சமமாகக் கலந்தால் கண் எங்கும் நிலைகொள்ளாது அலையும்.

அடுத்து எண்ண வேண்டியது, தெரிந்த நிறம் மலரிலே உண்டா என்பது. துணிக்கு எந்த நிறமும் ஊட்டலாம், மலர் அவ்வாறன்று. சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை ஆகியவை பெருகக் கிடைக்கும். தூய நீலம் அரிது. ரோசாச் செடியிலே நீலத்துக்கு வேண்டிய நிறப்பொருள் இயற்கையில் உண்டாவதில்லை. யப்பானிய அறிஞர்கள் வேற்றுச் செடியின் மரபணுவைச் சேர்த்து உண்டாக்கிய ரோசா 2009ஆம் ஆண்டிலே விற்பனைக்கு வந்தது. அதுவும் உண்மையில் இளம் ஊதாவே. இலங்கையின் நீலமலர் எனில் நீலோற்பலம் நினைவுக்கு வரும். 1986ஆம் ஆண்டிலே தேசிய மலராக அறிவிக்கப்பட்டது அதுவே. ஆனால் அது காலையிலே விரிந்து பிற்பகலிலே குவிந்துவிடும் இயல்புடையது. காலை முகூர்த்தத்துக்கு வாயிலிலே நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரத்தில் மிதக்கவிட ஏற்றது. மாலை வரவேற்புக்கு உதவாது. வெள்ளை மலருக்கு நீலச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. ஈரம் பட்டால் அச்சாயம் கசிந்து பட்டிலே கறையாகும் ஆதலின், உடலோடு படும் மாலைக்கு அது தகாது. நீலத்தை விரும்பும் மணமக்கள் அதனைத் தட்டுத் துணியிலும் நாடாவிலும் திரைச்சீலையிலும் அமைத்துக்கொண்டு, மலரிலே நீலத்துக்குத் துணையான சந்தனத்தையும் வெள்ளையையும் நாடுவதே தக்கது.

வெள்ளையைப் பற்றிய கருத்து வேறுபாடும் விளக்கத்துக்கு உரியது. 1840ஆம் ஆண்டு இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி தம் திருமணத்திலே வெண்பட்டு உடுத்து, தலையிலே தோடை மலர்ச்சூட்டு அணிந்தார். அந்நாள் தொட்டு வெண்ணிறத் திருமணம் மேல்நாடுகளிலே பெருவழக்காகி, இலங்கைக் கிறித்தவ இல்லங்களிலும் நிலைபெற்றது. சைவ இல்லங்களிலோ பெரியோர் முற்றும் வெண்ணிறமான அலங்காரத்தைக் காணின் தயங்குகின்றனர். இலங்கையிலே வெள்ளை துக்கத்துக்கும் உரிய நிறமாதலே காரணம். ஆனால் அவர்களே மல்லிகையையும் முல்லையையும் மங்கலமாகக் கொள்கின்றனர். ஆகவே அவர்கள் தயங்குவது வெண்மலரைக் கண்டன்று. வெள்ளை தனித்து நிற்பதைக் கண்டே. மாவிலைத் தோரணம், வாழை, நிறைகுடம், குங்குமம், மஞ்சள் என்பவற்றின் நடுவே வெள்ளை நின்றால் அது மங்கலமே. இளையோர் விரும்பும் வெண்மையும் பெரியோர் விரும்பும் சிவப்பும் மஞ்சளும் ஒரே மணவறையில் அமர இடமுண்டு. பங்கு மட்டுமே அறிந்து இடப்பட வேண்டும்.

ஒளியும் நிறத்தை மாற்றும். முற்பகல் வெயிலிலே ஒளிரும் சிவப்பு, அந்தி மயங்கும்போது முதலிலே கருமை அடையும்; நீலமும் பச்சையும் அவ்வேளையிலே ஒப்பளவில் தெளிவாகத் தெரியும். பொஹீமிய அறிஞர் புர்க்கினே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே எடுத்துக்காட்டிய உண்மை இது. தோட்டத்திலே மாலை வேளையில் நிகழும் வரவேற்புக்குச் செம்மலரை நிறையச் செலவிட்டால், கண்ணுக்கு அவை கரிய திட்டுகளாகத் தோன்றுவதன் காரணமும் இதுவே. மஞ்சள் ஒளி தரும் விளக்கின் கீழ் நீலமும் ஊதாவும் மங்கிச் சாம்பலாகும். செம்மஞ்சளும் சந்தனமும் பொலிவு பெறும். நிற விளக்குகளைப் பாய்ச்சினாலோ மல்லிகையும் தன் வெண்மையை இழக்கும். சேலையின் சிறு துணுக்கையும் மலரையும் ஒன்றாக வைத்து, பகலொளியிலே ஒருமுறையும் மண்டபத்து விளக்கொளியிலே ஒருமுறையும் பார்த்துவிடுவது செலவில்லாத சோதனை.

மலருக்கு ஆயுள் சில மணி நேரமே. மல்லிகை மாலையிலே மலர்வது. பகலிலே மொட்டாகப் பறித்துத் தொடுத்தால் இரவிலே விரிந்து மணக்கும். மறுநாட் காலை முகூர்த்தத்துக்கு விரியாத மொட்டு வேண்டுமெனின், ஈரத் துணியிலோ வாழையிலையிலோ சுற்றிக் குளிர்ச்சியான இடத்திலே வைத்தல் வேண்டும். வெண்மலரின் இதழிலே வெள்ளைச் சாயம் என ஒன்றில்லை. இதழின் நுண்ணறைகளுக்கு இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறச் செய்வதனாலேயே அது வெண்மையாகத் தோன்றுகின்றது. கசங்கினால் அக்காற்று நீங்கி, இதழ் கண்ணாடி போலாகிப் பின் பழுப்பேறும். வெண்மலரைக் கையாளுவோர் மென்மையாகத் தொடவேண்டும் என்பது இதனாலேயே. ரோசாவும் கார்னேசனும் நுவரெலியா போன்ற குளிர்ந்த மலையகத்திலே விளைபவை, குளிர்ப்பெட்டியைத் தாங்கும். அந்தூரியமும் ஓர்க்கிட்டும் வெப்ப நாட்டு மலர்கள். மிகுந்த குளிரிலே வைத்தால் கருகியது போலாகும். எல்லா மலரையும் ஒரே பெட்டியில் அடைத்து, முகூர்த்த வேளையிலே திறந்து திகைத்தோர் உண்டு.

மல்லிகை கோடையிலே பெருகும்; குளிர்ந்த மாதங்களிலே குறைந்து விலையேறும். தை மாதத்துத் திருமணத்துக்கு மல்லிகைப் பந்தலே வேண்டும் என்று பிடிவாதம் கொண்டால், பெற்றோரின் கைப்பொருளே வாடும். அக்காலத்திலே மாலைக்கும் கூந்தலுக்கும் மட்டும் மல்லிகையைக் கொண்டு, பின்னணிக்கு வெண் செவ்வந்தியையும் குருத்தோலையையும் இலைக்கொத்துகளையும் கொள்ளலாம். நிறம் ஒன்றே, செலவு குறைவு. மலரைச் செருகி நிறுத்த வாழைக்குற்றியே போதும். அதன் ஈரம் காம்பைக் காக்கும். காரியம் முடிந்தபின் மண்ணோடு மண்ணாகும்.

அமைப்பிலும் சில கவனிக்கத் தக்கன. ஓமகுண்டத்துக்கு அருகே மென்மையான மலரை வைத்தால் அனலிலே அது முதலில் வாடும். அவ்விடத்துக்கு இலையும் மாவிலையும் ஏற்றவை. லில்லி மலரைப் பயன்படுத்துவோர் அதன் மகரந்தப் பைகளை முன்னரே கிள்ளிவிடுதல் வேண்டும். அதன் தூள் பட்டிலே நீங்காக் கறை செய்யும். மணமக்களின் முன்னே உயரமாக மலர் அடுக்கினால், தாலி கட்டும் வேளையிலே சுற்றத்தார் காண்பது மலரை மட்டுமே. அலங்காரம் தோளுக்குப் பின்னும் தலைக்கு மேலும் அமையலாம். முகத்துக்கு முன்னே வேண்டியதில்லை.

இளநீலப் பட்டோடு முதலில் வந்து, அரக்குச் சிவப்புக் கூறையோடு மீளும் ஒரு மணமகளை எண்ணிப் பார்க்கலாம். பின்னணியிலே வெள்ளையும் பச்சையும், இடையிடையே சந்தன நிற ரோசாவும் உள்ளன. நீலத்தோடு அவள் அமரும்போது அந்தச் சந்தன நிறம் நீலத்தைத் தெளிவாக்குகின்றது. அவள் எழுந்து சென்று கூறையோடு மீளும்போது அங்கே இருந்த அதே பச்சை, சிவப்பை ஒளிரச் செய்கின்றது. வாயிற் பாத்திரத்திலே நீலோற்பலம் விரிந்திருக்கின்றது. தோரணத்திலே பெரியோர் கேட்ட மஞ்சட் செவ்வந்தி தொங்குகின்றது. மல்லிகை மாலை கூறைமேல் விழும்போது, பந்தலின் கடைசி வரிசையிலே அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் அது தெளிவாகத் தெரிகின்றது.