மட்கின் இருப்பிடம்

உரக்கடைகளில் இந்நாளில் ‘ஹியூமிக் அமிலம்’ என்ற பெயரோடு கரியதொரு திரவம் குப்பிகளில் விற்பனையாகிறது. பழுப்பு நிலக்கரியைப் போல, பூமிக்குள் நெடுங்காலம் புதைந்து கிடந்த தாவரப் பதார்த்தங்களைக் காரநீரில் ஊறவைத்து, கரைந்து வரும் சாற்றை வடித்தெடுத்தால் கிடைப்பதே அது. புத்தம் புதிய சரக்கென்று விளம்பரங்கள் முழங்கினாலும், அதன் செய்முறை 1786-ஆம் ஆண்டிலேயே தெரிந்ததுதான். அவ்வாண்டில் பெர்லின் நகரத்து ரசாயன அறிஞர் ஃபிரான்ஸ் கார்ல் அஷார்ட் (பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை காய்ச்சும் தொழிலுக்குப் பிற்காலத்தில் வித்திட்டவரும் இவரே) சதுப்பு நிலத்துக் கரிமண்ணைக் காரத்தில் கரைத்து, அந்தக் கறுத்த நீரில் அமிலத்தை ஊற்றியபோது, கருமை படர்ந்த கசண்டு ஒன்று பாத்திரத்தின் அடியில் படிந்தது. அப்படிப் படிவதை ஹியூமிக் அமிலமென்றும், அமிலம் விட்ட பிறகும் நீரிலேயே கரைந்து நிற்பதைப் பல்விக் அமிலமென்றும், காரத்துக்கும் மசியாமல் மண்ணோடு தங்கிவிடுவதை ஹியூமின் என்றும் பின்வந்தோர் பகுத்தார்கள்.

செடிகொடிகள், தழையும் எருவும் சிதைந்து மண்ணில் தங்கும் இந்தக் கரும்பொருளை, அதாவது மட்கையே உண்டு உடல் வளர்க்கின்றன என்பது அக்காலத்தில் வேரூன்றியிருந்த நம்பிக்கை. செடியின் கரிச்சத்து காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வருகிறதென்று ஜெனீவா நகரத்துச் சோசூர் 1804-இல் எடுத்துக்காட்டியும் அது அசையவில்லை. 1840-இல் ஜெர்மானியரான லீபிக் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடிய பிறகே ஆட்டங்கண்டது. நம்பிக்கை போனதோடு நில்லாமல், உப்புச் சத்துகள் இருந்தால் போதும், மட்கு எதற்கு என்ற அலட்சியமும் பின்னாலேயே வந்து புகுந்ததுதான் விபரீதம்.

மட்கு எதற்கென்று கேட்பவர், எருவே காணாத நிலத்திலிருந்து ஒரு மண்கட்டியையும், ஆண்டுதோறும் தொழு உரமும் தழையும் பெற்ற நிலத்திலிருந்து மற்றொன்றையும் எடுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, இரண்டு கண்ணாடித் தம்ளர் நீரில் மெல்ல இறக்கிப் பார்க்கட்டும். முதற்கட்டி குமிழிகளைக் கக்கிக்கொண்டு சில நிமிஷங்களுக்குள் பொலபொலவென்று உதிர்ந்து, நீரையும் கலக்கிவிட்டு, அடியில் சேறாகிப் போகும். இரண்டாவது, ஓரத்தில் சில துணுக்குகளை மட்டும் உதிர்த்துவிட்டு, உருக்குலையாமல் கிடக்கும். மண்துகள்களை அப்படிப் பிணைத்து நிறுத்துபவை மட்கும், அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையுமே. பெருமழையில் மேல்மண் கரைந்து பொருக்காக இறுகாமல் தண்ணீர் உள்ளே இறங்குவதற்கு அந்தப் பிணைப்பே ஆதாரம். அன்றியும், மட்கின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டதாகையால், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் முதலான நேர்மின் அயனிகள் மழைநீரோடு அடித்துச் செல்லப்படாமல் அதில் ஒட்டி நின்று, வேர் வேண்டும்போது விடுபடுகின்றன.

இத்தனை உபகாரமும் செய்வது குப்பியிலுள்ள அந்தக் கரிய அமிலந்தானா என்பது பெரும் சர்ச்சைக்குரிய விஷயம். காரத்தில் ஊறவைத்து எடுப்பது மண்ணில் உள்ளபடியே இருந்த வஸ்துவன்று, மண்ணில் இருப்பவை சிதைவின் பல படிகளில் நிற்கும் தாவர, நுண்ணுயிர்ச் சிதறல்களே என்று 2015-இல் மண்ணியல் அறிஞர்களான யோஹன்னஸ் லேமனும் மார்க்குஸ் கிளேபரும் எழுதினார்கள். எல்லாரும் அதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆயினும் என் மனம் அவர்கள் பக்கமே சாய்கிறது. ஓர் ஏக்கரின் மேல் ஆறங்குல மண் ஏறக்குறைய 900 டன் எடையுள்ளது என்பதை நினைத்தால், ஒன்றிரண்டு லிட்டர் திரவம் வேர்களைச் சற்றே தூண்டக்கூடுமே தவிர, மண்ணின் மட்கைப் பெருக்கிவிட்டதென்று சொல்வது கணக்குக்கு ஒவ்வாது.

அப்படியானால், சிதைந்துகொண்டே இருக்கும் பொருள் சில மண்களில் நூற்றாண்டுக் கணக்கில் தங்குவது எவ்வாறு? களித்துகளின் மேலும் இரும்பின் ஆக்ஸைடுகளின் மேலும் அது ஒட்டிக்கொண்டு, நுண்ணுயிர்களின் கைக்கு எட்டாமல் பதுங்குவதே முக்கிய காரணம். களியில்லாத இடத்தில் நேர்வதை அறிய அமேசானின் பெரும் உபநதியாகிய ரியோ நீக்ரோவைப் பார்க்க வேண்டும். அதன் படுகையில் வெண்மணல் நிலம் மிகுதி; காட்டின் சருகுச்சாறு பற்றிக்கொள்ளக் களி கிடைக்காமல் மழையோடு ஓடைகளில் இறங்குகிறது; ஆறு முழுவதும் கடுந்தேயிலை வடிநீரைப் போல் கறுத்து, அமிலத்தன்மை கொண்டு ஓடி, மனாவுஸ் நகருக்கருகே, வண்டல் சுமந்து வரும் சொலிமோயிஸ் நதியோடு கலவாமல் சில கிலோமீட்டர் தூரம் பக்கத்துப் பக்கமாகவே செல்கிறது.

ஆற்றில் அழகாகத் தோன்றும் இந்த நிறம் குடிநீர்க் குழாய்க்குள் வந்தால் வேறு கதை. ரோட்டர்டாம் நகரத்துக் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய யோஹன்னஸ் ரூக், கிருமிகளைக் கொல்ல இடும் குளோரின் நீரிலுள்ள மட்குப் பொருள்களோடு கூடிக் குளோரோஃபார்ம் முதலிய சேர்மங்களை உண்டாக்குகிறதென்று 1974-இல் வெளியிட்டார். 1979-இல் அமெரிக்க அரசு அத்தகைய சேர்மங்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு கட்டியது. பரிகாரம் குளோரினைக் கைவிடுவதன்று, ஏனெனில் காலராவும் டைபாய்டும் அதைவிடக் கொடியவை. முதலில் படிகாரம் இட்டு மட்கைத் திரளச் செய்து வடித்துவிட்டு, அதன் பின் குளோரின் சேர்ப்பதே வழி.

நீர் தேங்கி நின்ற சதுப்புகளில் மட்கைக் காத்தது களியன்று, காற்றுப் புகாமையே. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் சதுப்பில், நீரை வடிக்கத் தொடங்கிய காலத்தில், 1851-இல், ஓர் இரும்புத் தூணைத் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி அடிக்களி வரை இறக்கினார்கள். இன்று அதே தூண் ஏறத்தாழ 4 மீட்டர் உயரம் வெளியே நிற்கிறது. தூண் எழவில்லை; கரிமண் முதலில் நீர் வற்றிச் சுருங்கி, பிறகு பிராணவாயு பட்டுக் கரியமில வாயுவாகி வானத்துக்குப் போய்விட்டது. உலக நிலப்பரப்பின் மேல் ஒரு மீட்டர் மண்ணில் ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி டன் கரி, அதாவது காற்றுமண்டலத்தில் உள்ளதைக் காட்டிலும் அதிகமான கரி, தங்கியிருப்பதால், இது ஒரு சதுப்பின் சமாசாரம் மட்டுமன்று.

கோடை வெயிலில் மட்கு விரைந்து அழியும் நம் செம்மண், மணற்பாங்கான நிலங்களில் எரு மட்டும் கொட்டினால் அது நெடுநாள் நிற்பதில்லை. குளங்கள் வற்றியதும் வண்டி வண்டியாகக் கரம்பை (குளத்தடி வண்டல்) அடித்த நம் குடியானவர்கள், மட்கோடு அதைப் பற்றி வைக்கும் களியையும் சேர்த்தே வயலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே களி மிகுந்த கரிசலுக்கு இதனால் ஆதாயம் குறைவு. சாயப்பட்டறைக் கழிவும் சாக்கடையும் கலக்கும் ஏரிகளின் வண்டலையோ, மண் பரிசோதனை செய்யாமல் அடிக்கவே கூடாது; ஈயம், செம்பு போன்ற உலோகங்களைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு போகுமிடமெல்லாம் சுமந்து செல்வதும் மட்கின் சுபாவமே.