வண்டிக் கதவின் பிணைச்சல் தேய்வும் திருத்தமும்

விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியின் கதவு, வயற்பாதையின் புழுதியாலும் சேற்றாலும் விரைவில் கிறீச்சிடத் தொடங்கும். அவ்வொலி வறட்சியால் எழுந்ததா, தேய்வால் எழுந்ததா என்பதைக் கமக்காரர் முதலில் அறிதல் வேண்டும். கதவைப் பாதியளவு திறந்து, வெளியோரத்தை மேலே தூக்கிப் பார்க்க. பிணைச்சலில் ஆட்டம் இல்லையெனில் வறட்சியே காரணமாகும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அழுக்கை நீக்கி, பிணைச்சல் ஆணியில் சில துளி எஞ்சின் எண்ணெய் இட்டு, பத்து முறை திறந்து மூடுக. மிகுதி எண்ணெயைத் துடைத்துவிடுக. அன்றேல் புழுதி ஒட்டி ஆணியைத் தேய்க்கும்.

ஆட்டம் இருப்பின், எண்ணெய் ஒலியை அடக்குமேயன்றித் தேய்வை நீக்காது. கதவை மரக்கட்டையால் தாங்கி, ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புதிய ஆணியும் பித்தளைப் புஷ்ஷும் இடுக. எல்லா ஆணிகளையும் ஒருங்கே கழற்றினால் கதவு இடம்பெயரும். ஆணி கழற்ற இயலாத அமைப்பாயின் பிணைச்சலையே மாற்றுதல் வேண்டும்.

இறுதியாக, கதவு திறந்திருக்கையில் பூட்டின் நாக்கைத் திருப்புளியால் மூடும் பக்கமாகத் தள்ளுக. பெரும்பாலான வண்டிகளில் அது இரு முறை சொடுக்கி நிலைத்து நிற்கும். பின் கைப்பிடியை இழுத்து விடுவிக்க. நிலைத்து நில்லாத பூட்டை உடனே மாற்றுக. ஓடும் வண்டியில் தானே திறக்கும் கதவு, அருகிலிருக்கும் பிள்ளையின் உயிருக்குக் கேடாகும்.