பெங்களூரு காவிரிக் குழாய்: பழுதுபார்க்க ஏன் 60 மணி நேரம்?

நீங்கள் பெங்களூரில் வேலை பார்ப்பவர் என்றால் அந்த அறிவிப்பு ஞாபகம் இருக்கும். 2025 செப்டம்பர் 15 அதிகாலை 1 மணி முதல் 17ஆம் தேதி பிற்பகல் 1 மணி வரை காவிரி ஐந்தாம் கட்டத்தின் பம்பிங் நிறுத்தப்படும், பழைய நான்கு கட்டங்களும் 24 மணி நேரம் நிற்கும் என்றது குடிநீர் வாரியம். ஒரு குழாயைச் சரி பண்ண மூணு நாளா என்று கேட்கத் தோன்றும். பார்ப்போம்.

எவ்வளவு தண்ணீர் நின்றது?

மண்டியா மாவட்டத்தின் டி.கே.ஹள்ளியில் இருந்து சுமார் 100 கி.மீ. தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு மூன்று இடங்களில் பம்ப் செய்துதான் காவிரி நீர் நகரத்துக்கு வருகிறது. 1974இல் தொடங்கிய முதல் கட்டம் உட்பட பழைய நான்கு கட்டங்களின் திறன் நாளுக்கு 145 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் வந்த ஐந்தாம் கட்டத்தின் திறன் 77.5 கோடி லிட்டர்.

எல்லாம் முழுத் திறனில் ஓடுவதாக வைத்துக் கணக்குப் போட்டால், அந்த இடைவெளியில் வராமல் போனது சுமார் 339 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் கொண்டுவர 2.8 லட்சம் லோடு வேண்டும். அதாவது, டேங்கர் லாரியால் ஈடுகட்டவே முடியாது.

நேரம் எங்கே போகிறது?

வெல்டிங் வேலைக்குச் சில மணி நேரம்தான். முதலில் வால்வுகளை மூடி, தாழ்வான இடங்களில் உள்ள வடிகால் வால்வு வழியாகக் குழாயைக் காலி செய்ய வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் வெல்டிங் நிற்காது.

திரும்ப நிரப்புவது இன்னும் மெதுவான வேலை. வேகமாக நிரப்பினால் உள்ளே சிக்கும் காற்றும், திடீரென ஏறும் அழுத்தமும் சேர்ந்து குழாயை வேறு இடத்தில் உடைத்துவிடும். வெல்டிங் கால் மணி நேரமே ஆனாலும் காலி செய்யவும் நிரப்பவும் ஆகும் நேரம் குறையாது. அதனால்தான் கசிவு, வால்வு மாற்றம், மோட்டார் பராமரிப்பு, புதிய இணைப்பு எல்லாவற்றையும் ஒரே நிறுத்தத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

எதை முதலில் சரிசெய்வது?

பழைய குழாய்தான் முதலில் என்று நினைப்போம். அப்படி இல்லை. இரண்டு கேள்விகள்: உடைய எவ்வளவு வாய்ப்பு? உடைந்தால் எத்தனை பேருக்குத் தண்ணீர் நிற்கும்? மாற்று வழி இல்லாத ஒற்றைக் குழாய் வயதில் இளையதாக இருந்தாலும் பட்டியலில் மேலே வரும். உலோகத் தடிமன், முந்தைய கசிவுகள், இரு முனை மீட்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் ஆகியவைதான் இதற்கான தரவு.

தள்ளிப்போடுவதும் இலவசம் இல்லை. 1,000 லிட்டரை 500 மீட்டர் தூக்க, எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் சுமார் 1.36 யூனிட் மின்சாரம் தேவை. கசியும் ஒவ்வொரு லிட்டரும் ஏற்கெனவே கரண்ட் செலவழித்துக் கொண்டுவந்த தண்ணீர். தவிர, அறிவிப்போடு நிறுத்தினால் நாம் சேமித்து வைக்கலாம். தானாக உடைந்தால் அந்த வாய்ப்பே கிடையாது.

உங்கள் வீட்டுக் கணக்கு

ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசு அளவுகோல். நான்கு பேருக்கு 60 மணி நேரத்துக்கு 1,350 லிட்டர். 1,000 லிட்டர் டேங்க் இரண்டு நாள்கூடத் தாங்காது. பம்பிங் தொடங்கியதும் உடனே உங்கள் வீட்டுக்கும் வந்துவிடாது. மேட்டுப் பகுதிக்கும் கடைக்கோடித் தெருவுக்கும் கடைசியில்தான் வரும். ஆகவே ஒரு நாள் கூடுதலாகக் கணக்கில் வையுங்கள்.

முதலில் வரும் கலங்கல் நீரைச் சம்ப்பில் விடாதீர்கள். அழுத்தம் இல்லாத நேரத்தில் தெருக் குழாயின் விரிசல் வழியாக வெளி அழுக்கு உள்ளே போக வாய்ப்புண்டு. ஓரிரு நாள் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லது.

சம்ப் இருக்கும் அபார்ட்மென்ட்டுக்கு இது ஒரு அசௌகரியம், அவ்வளவுதான். நாலு குடமும் ஒரு டிரம்மும் மட்டுமே உள்ள ஒற்றை அறை வீட்டில் முன்கூட்டிச் சேமிக்கவே இடமில்லை. 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் 5 கி.மீ.க்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று விலை வைத்தது. ஆனால் அந்தத் தண்ணீரை வாங்கி ஊற்றி வைக்கவும் ஒரு தொட்டி வேண்டுமே. அடுத்த அறிவிப்பு வரும்போது எத்தனை மணி நேரம் என்பதோடு நிறுத்தாதீர்கள். சம்ப் இல்லாத தெருக்களுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.