தம்பட்டம் வேறு, தடம் வேறு

பல ஐடி கம்பெனிகளில் இது அப்ரைசல் சீசன். செல்ஃப் ரிவ்யூ படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த வருடம் உங்கள் சாதனைகள் என்ன?" என்ற கட்டத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் இந்த எபிசோட்.

நேயர் ஒருவர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். எட்டு பேர் கொண்ட டீமுக்கு லீட். இரண்டாவது வருடமாக புரமோஷன் தள்ளிப் போகிறது. மேனேஜர் சொன்ன காரணம்: "வேலையில குறையே இல்லை. ஆனா உங்களுக்கு விசிபிலிட்டி பத்தலை." அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "அதுக்காக என்னைப் பத்தி நானே பீத்திக்கிட்டுத் திரியணுமா?"

இதற்கு லிங்க்ட்இன் ஒரு பதில் வைத்திருக்கிறது: உங்கள் பர்சனல் பிராண்டை வளருங்கள், தினமும் ஒரு போஸ்ட் போடுங்கள். வீட்டில் வேறு பதில்: நிறைகுடம் தளும்பாது. இரண்டுமே இவருக்கு உதவாது. குடம் தளும்பாதுதான், சரி. ஆனா மூடி போட்டு மூலையில வச்சா, அது நிறைஞ்சிருக்கா காலியான்னு யாருக்குத் தெரியும்?

முதலில், "கொஞ்சம் உங்களைப் பத்தி நீங்களே பேசுங்க" என்ற அறிவுரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். கணிதம், அறிவியலில் 20 கேள்விகள். அதற்குப் பிறகு, "நான் இந்தத் தேர்வை நன்றாகச் செய்தேன்" என்ற வாக்கியத்தை எவ்வளவு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று 0 முதல் 100 வரை ஓர் எண் போடச் சொன்னார்கள். ஆண்கள் சராசரியாக 61 போட்டார்கள், பெண்கள் 46. தேர்வில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்திருந்தார்கள். உண்மையான மதிப்பெண்ணைக் காட்டிவிட்டுக் கேட்டபோதும் இடைவெளி மூடவில்லை. அந்த செல்ஃப் ரிவ்யூ கட்டம் இருக்கே, அது அளக்கறது வேலையை மட்டும் இல்லை.

சரி, பெண்களும் 61 போட ஆரம்பிச்சா? அங்கே இன்னொரு சிக்கல். தன் திறமையைத் தானே எடுத்துச் சொல்லும் பெண்ணைத் திறமைசாலி என்று மற்றவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் அவரைப் பிடிப்பது குறைந்துவிடுகிறது என்று லாரி ரட்மன் என்ற உளவியலாளர் 1998-லேயே காட்டியிருக்கிறார். பேசாம இருந்தா விசிபிலிட்டி இல்லை, பேசினா ஆட்டிட்யூட்.

இது வெறும் லேப் சமாச்சாரம் இல்லை. 1982-ல் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தில் பார்ட்னர் பதவிக்கு 88 பேரை முன்மொழிந்தார்கள். அதில் ஒரே பெண் ஆன் ஹாப்கின்ஸ். அப்போது அங்கே இருந்த 662 பார்ட்னர்களில் பெண்கள் 7 பேர். அமெரிக்க வெளியுறவுத் துறையிடமிருந்து சுமார் 2.5 கோடி டாலர் ஒப்பந்தத்தை வாங்கிக்கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. விசிபிலிட்டி என்று பார்த்தால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த வருடம் முடிவைத் தள்ளிவைத்துவிட்டு அவருக்கு வந்த ஆலோசனை: இன்னும் பெண்மையாக நடங்கள், பெண்மையாகப் பேசுங்கள், மேக்கப் போடுங்கள், நகை அணியுங்கள். அடுத்த முறை அவர் பெயரையே முன்மொழியவில்லை. வழக்குப் போட்டார். 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து முடிவெடுப்பதும் பாலினப் பாகுபாடுதான் என்றது. கடைசியில் கோர்ட் உத்தரவோடுதான் பார்ட்னர் ஆனார்.

அதனால்தான் "நீங்க நீங்களா இருங்க, அதுவே போதும்" என்று மேடையில் யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஹாப்கின்ஸ் அவராகத்தான் இருந்தார். பிரச்சினையே அதுதான். உண்மையா இருக்க வேண்டியது நம்ம குணாதிசயம் இல்லை, நாம சொல்ற தகவல். சொன்னதற்கும் செய்ததற்கும் நடுவில் எவ்வளவு தூரம்? தம்பட்டத்தையும் தடத்தையும் நான் பிரிப்பது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

நம்ம ஃபீல்டிலிருந்தே ஓர் உதாரணம். 2019 ஏப்ரல் 10 அன்று முதல் கருந்துளைப் படம் வெளியானது, ஞாபகம் இருக்கா? எம்87 கேலக்ஸியின் நடுவில் இருப்பது. லேப்டாப்பில் படம் உருவாவதைப் பார்த்து, சந்தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டிருந்த கேட்டி பௌமனின் போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியது. அவருக்கு அப்போது 29 வயது. 200-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து செய்த வேலையை இணையம் ஒரே நாளில் "இந்தப் பெண்தான் கண்டுபிடித்தார்" என்று சுருக்கிவிட்டது. இது டீமின் வேலை, தனி ஒருவருடையது இல்லை என்று அவர் உடனே எழுதினார். ஆனாலும் அடி விழுந்தது. அவருடைய சக ஆய்வாளர் ஆண்ட்ரூ சேலின் பெயரைப் பிடித்துக்கொண்டு, "9 லட்சம் வரி கோடில் 8.5 லட்சம் இவர் எழுதியது, பேர் மட்டும் அந்தப் பெண்ணுக்கு" என்று ஒரு கூட்டம் மீம் போட்டது. கிட்ஹப்பில் எண்ணிப் பார்த்தார்களாம்!

பதில் சொன்னது சேல்தான். அந்த எண்ணில் பெரும்பகுதி மாடல் ஃபைல்கள், உண்மையான சாஃப்ட்வேர் சுமார் 68,000 வரிகள், அதில் நான் எத்தனை எழுதினேன் என்பது எனக்கு முக்கியமே இல்லை, பௌமனின் பங்களிப்பு இல்லாமல் இந்த மென்பொருள் இப்படி வந்திருக்காது என்று ட்விட்டரில் வரிசையாக எழுதினார். நாலு டீம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் தனித்தனியாகப் படத்தை உருவாக்கி, பிறகு ஒப்பிட்டுப் பார்த்த வேலை அது. அந்த மாதிரி வேலையை கமிட் எண்ணிக்கை எப்படிக் காட்டும்?

லீடர்ஷிப்பில் இருக்கிற பெண்களுக்கு இதுதான் சிக்கல். கோட் எழுதும்வரை கிட் நமக்காகப் பேசும். லீட் ஆனபிறகு பாதி வேலை, ஏதோ ஒன்று நடக்காமல் பார்த்துக்கொள்வது. நடக்காத அவுட்டேஜுக்கு டிக்கெட் கிடையாது. டான்யா ரைலி என்ற இன்ஜினியர் இதை க்ளூ ஒர்க் என்று சொல்வார், டீமை ஒட்டிவைக்கிற பசை வேலை. என் முதல் கம்பெனியில் எங்கள் லீட் அக்கா, ரிலீஸுக்கு முந்தின நாள் ஒவ்வொரு டீமுக்கும் போன் பண்ணி, யாருடைய மாற்றம் யாரை உடைக்கும் என்று சரிபார்ப்பார். எந்த ஜிரா டிக்கெட்டிலும் அது இல்லை. அவர் பிரசவ விடுப்பில் போனதும் அடுத்தடுத்து இரண்டு ரிலீஸ் ரோல்பேக் ஆனது. அப்படி ஒரு வேலை இருந்ததே மேனேஜருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதனால் வாய்ஸ் நோட் அனுப்பின தோழிக்கு நான் சொல்வது: உங்களைப் பற்றிப் பேச வேண்டாம், முடிவுகளைப் பற்றி எழுதுங்கள். அதையும் மார்ச் மாதம் உட்கார்ந்து யோசித்து இல்லை, வெள்ளிக்கிழமைதோறும் நாலு வரி. "டீமைச் சிறப்பாக வழிநடத்தினேன்" என்பதிலிருந்து 'சிறப்பாக'வை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லை. இதைப் பாருங்கள்: "ஜூனில் பேமெண்ட் சர்வீஸைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றினோம். ரீஃபண்ட் பகுதியைக் கடைசியாக மாற்றலாம் என்பது என் முடிவு. ரோல்பேக் திட்டத்தை இரண்டு ஜூனியர்கள் எழுதினார்கள், நான் ரிவ்யூ செய்தேன். சேவை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை." இதில் பெருமை அடிக்கும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஜூனியர்களுக்கும் அவர்கள் பங்கு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்று, நமக்கு 'நான்' என்று சொல்லக் கூச்சம். "நாம பண்ணினோம்" என்று சொல்லிவிடுவோம். தமிழில் 'நாங்க'வுக்கும் 'நாம'வுக்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா? 'நாம'ன்னு சொன்னா, எதிரே உட்கார்ந்து கேட்கிற மேனேஜரும் அந்த வேலையைச் செஞ்சவரா ஆயிடுவார். முடிவெடுத்த இடத்தில் 'நான்', சேர்ந்து செய்த இடத்தில் 'நாங்க'.

அப்புறம், மேனேஜரிடம் திரும்பக் கேளுங்கள்: யாருக்கு என் வேலை தெரியவில்லை? எந்த முடிவு எடுக்க அது தெரிய வேண்டும்? பேர் சொன்னால், அந்த ஆளிடம் அடுத்த டிசைன் டாகுமெண்ட்டுக்குக் கருத்துக் கேட்கலாம். பேர் எதுவும் வரவில்லை என்றால், விசிபிலிட்டி என்பது வேறு எதையோ மறைக்கிற வார்த்தை. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்தான்.

சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நடக்காமல் போகலாம். ஹாப்கின்ஸுக்கு நடந்தது அதுதான். பௌமனுக்கு சேல் செய்ததை இன்னொருத்தர்தான் செய்ய முடியும். ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் தங்களுக்குள் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள் என்று 2016-ல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. ஒரு பெண் சொன்ன யோசனையை இன்னொரு பெண், சொன்னவர் பெயரோடு திரும்பச் சொல்வார். யோசனை வேறு யார் கணக்கிலும் போய்விடாது. இதுக்குக் காசு செலவில்லை, ஆண்களும் பண்ணலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மேனேஜர்களுக்கு ஒரு விஷயம். ரேட்டிங் முடிவு செய்யும் மீட்டிங்கில் உங்கள் லீட் இருக்க மாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள். "விசிபிலிட்டி பத்தலை" என்று டைப் பண்ணும்போது, யாருக்கு எந்த வேலை தெரியவில்லை என்று அதே வரியில் சேர்த்து எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் பேக்ஸ்பேஸ் இருக்கு.

அடுத்த வாரம் சம்பள உயர்வு பேரம். உங்கள் கேள்விகளை வாய்ஸ் நோட்டாகவே அனுப்புங்க.