ஆலைப் பேரொலியும் தொழிலாளர் செவியும்

கண்ணுக்கு இமையுண்டு, செவிக்கு அத்தகைய மூடியில்லை. உறக்கத்திலும் அது திறந்தே கிடக்கின்றது. ஆகவே, பேரொலியிடையே நாள்தோறும் உழைப்போரின் செவியைப் புறத்தேயிருந்துதான் காத்தல் வேண்டும்.

இக்கேடு புதியதன்று. வெனிசு நகரத்துச் செப்புக் கன்னார் சம்மட்டியோசையாற் செவிடாவதை இரமசினி என்னும் இத்தாலிய மருத்துவர் 1700 ஆம் ஆண்டில் எழுதிய நூலிற் குறித்துள்ளார். 1886 இல் கிளாசுக்கோ நகரத்து மருத்துவர் தோமசு பார் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூற்றுவரைச் சோதித்தபோது, அவருள் ஒருவர்க்கேனும் கேட்குந்திறன் செவ்வையாக இருக்கவில்லை.

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில், மீன்பிடியும் தோட்டச்செய்கையும் நிகழும் கரையோரத்தே அமைந்த ஊர் ஆலங்குடா. இதன் அயலிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதற் பிரிவு 2011 இல் இயங்கத் தொடங்கிற்று. 2014 இல் அது 900 மெகாவாற்று வலுவுடைய மூன்று பிரிவுகளாக நிறைவுற்றது. நிலக்கரியை அரைக்கும் எந்திரங்கள், பெருவிசிறிகள், நீரேற்றும் பம்பிகள், நீராவிச் சுழலிகள் ஆகியவை இத்தகைய நிலையங்கள் யாவற்றிலும் பேரொலி எழுப்புவன. எனவே, மின்னாக்கம் கால்கொண்ட இக்கரையில் செவிப் பாதுகாப்பு ஏட்டளவில் நிற்கும் பொருளன்று.

உட்செவியில் நத்தை வடிவான சுருளொன்றுண்டு. அதனுள் ஏறக்குறையப் பதினையாயிரம் நுண்ணிய மயிர்க்கலங்கள் அமைந்து, அதிர்வை நரம்புக் கணத்தாக்கமாக மாற்றுகின்றன. மிகை ஒலியால் இவை முதலிற் சோர்வுறும். ஓய்வு கிடைப்பின் மீளும். சோர்வு நாள்தோறும் தொடரின் அவை மடியும். மடிந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. செக்கனுக்கு 4000 அதிர்வுகளை அடுத்துள்ள உயர்சுருதி ஒலிகளே முதலில் மறைகின்றன. உயிரொலி கேட்கும், மெல்லிய மெய்யொலி கேளாது. ‘பட்டம்’, ‘சட்டம்’ என்பன வேறுபடாமல் ஒலிக்கும். பேச்சுக் காதில் விழுவதால், பொருள் விளங்காமையைத் தொழிலாளி தன் செவிக்குற்றமென உணர்வதில்லை. உணருங்காலத்து இழப்பு முற்றியிருக்கும்.

எட்டு மணி நேரத்துக்கு 85 தெசிபெல் என்பது பல நாட்டு அறிஞர் ஏற்ற எல்லை. மூன்று தெசிபெல் கூடினால் ஒலிச்சத்தி இருமடங்காகும்; ஆகையால் 88 தெசிபெல்லில் நான்கு மணி நேரமும், 91 இல் இரண்டு மணி நேரமுமே தகும். 100 தெசிபெல்லில் கால் மணி நேரமே எல்லை.

காக்கும் வழிகளுள் முறைவைப்பு உண்டு. ஒலி குறைந்த எந்திரத்தைத் தெரிதல், தேய்ந்த உருளிகளை மாற்றுதல், அதிர்வுதாங்கி இடுதல் ஆகியன முதன்மையானவை. எந்திரத்தை உறையால் மூடுதலும், பணியாளரைத் தனியறையிலிருந்து அதனை இயக்கச் செய்தலும் அடுத்தவை. பணிநேரத்தைச் சுழற்சியாகப் பகிர்தல் அதன் பின்னது. காதடைப்பானும் காதுறையும் இறுதியில் வருவன. எட்டு மணி நேரத்தில் நான்கு மணி நேரம் அவற்றைக் கழற்றிவைப்பின், எத்துணைச் சிறந்த கருவியாயினும், அன்றைய ஒலியேற்பு மூன்று தெசிபெல்லுக்கு மேற் குறையாது. வெப்பமும் வியர்வையும் மிக்க இடத்தில் அதனை இடைவிடாது அணிதல் அரிது. ஆதலின், காதடைப்பானை வழங்கியதோடு கடமை முடிந்ததெனக் கருதுதல் பிழையாம். பணியிற் சேரும்போதும், பின் ஆண்டுதோறும் கேட்டற் சோதனை நடத்தின் இழப்பைத் தொடக்கத்திலேயே அறியலாம்.

இலங்கையில் 1996 இல் வகுக்கப்பட்ட ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள் ஒலியைத் தொழிலிடத்தின் எல்லையில் அளந்து அயலாரைக் காப்பன. எல்லைக்கு உள்ளே எந்திரத்தருகே நிற்பவரின் செவிக்கு அவ்வளவீடு சான்றாகாது. அங்கு அவர் நிற்குமிடத்திலேயே அளத்தல் வேண்டும். கேள்வியைக் கல்வியோடு ஒருங்கு வைத்துப் போற்றியது தமிழ் மரபு. உழைப்பின் ஊதியத்தோடு செவிட்டுத்தன்மையையும் ஒருவன் இல்லங்கொண்டு செல்லாவாறு காத்தல், ஆலை நடத்துவோர்க்கும் அறிவுடையோர்க்கும் பொதுவான கடனாகும்.