செம்பு இணங்கும் வழி

கெடா தோட்டங்களில் பால்மரம் வெட்டும் கத்திக்கு எஃகுதான். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் அது இறுகும். அதே பட்டறையில் ஒரு செம்புத் தகட்டைக் காய்ச்சி அதே தண்ணீரில் முக்கிப் பாருங்கள். கையாலேயே வளைக்கலாம், அவ்வளவு மென்மையாகிவிடும்.

எஃகில் கொஞ்சம் கரி இருக்கிறது. சட்டென்று குளிரும்போது கரியணுக்கள் விலக நேரமில்லாமல் இரும்பணுக்களுக்கு நடுவே அகப்பட்டு, அணு அடுக்குகளை நழுவவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. செம்பில் அந்தக் கரி இல்லை. அதை இறுக்குவது சுத்தியல்தான். அடிக்க அடிக்க அணு வரிசைகளில் பிசகுகள் பெருகி, நூற்கண்டு போல ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். தகடு விறைக்கும், அதற்கு மேலும் அடித்தால் வெடிக்கும். சூடேற்றினால் அணுக்கள் புது வரிசைகளில் அமர்ந்து சிக்கல் தீரும். தண்ணீர் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, அவ்வளவுதான். தானாக ஆறவிட்டாலும் செம்பு இளகியே இருக்கும்.

அடி, காய்ச்சு, மறுபடி அடி. சாமிக்குச் சாத்தும் கவசம் இப்படித்தான் உருவாகிறது. அடித்து எழுப்பிய மெல்லிய தகடு. உள்ளே வெறும் காற்று. முகம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கும். சென்னைச் சிற்பி பி.வி. ஜானகிராம் (1930–1995) இந்த மரபிலிருந்துதான் நவீனத் தகட்டுச் சிற்பத்துக்கு வழி கண்டார். சிலையென்றால் எல்லாப் பக்கமும் திரண்டிருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அதோடு தளர்ந்தது.

அந்த வழியில் வெகுதூரம் போனவர் எஸ். நந்தகோபால். 1946இல் பெங்களூரில் பிறந்தவர், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் மகன். லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுத்தான் சென்னை கலைக் கல்லூரிக்குப் போனார். தந்தை 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமமே அவருக்கு வீடும் பட்டறையும் ஆனது. 2017இல் மறையும்வரை செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, எனாமலும் வெள்ளி முலாமும் ஏற்றி, உருவத்துக்கும் அருவத்துக்கும் இடையே ஊசலாடும் வடிவங்களைச் செய்துகொண்டிருந்தார். ஒரு பறவையோ தெய்வமோ அதில் தெரியும். கூர்ந்து பார்த்தால் கோடுகளாகவும் வளையங்களாகவும் பிரிந்துவிடும்.

செம்பும் பித்தளையும் ஒட்டவைக்க எளிதானவை அல்ல. செம்பு சாதாரண எஃகைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தீயை ஓரிடத்தில் வைத்தால் சூடு தகடு முழுக்க ஓடிவிடும், அந்த இடம் மட்டும் உருகாது. கேஸ் வெல்டிங்கின் தீ 3,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். செம்பு 1,085இலேயே உருகும். ஆனாலும் பொறுமை வேண்டும். பித்தளையில் வேறொரு தொல்லை. அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை நம்பிக்கை. காற்றோட்டம்தான் நிஜமான காப்பு.

தீயையும் காற்றையும் அளந்து உலோகத்தை இணங்கவைப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து அகழ்விடத்தில், பழைய இரும்புலைகளின் களிமண் ஊதுகுழல்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அப்படிப்பட்ட மரக்கரி உலைகளில் இரும்பு உருகுவதே இல்லை. அதற்கு 1,538 டிகிரி வேண்டும். கசடுதான் உருகி வழியும். இரும்பு கடற்பஞ்சு போன்ற கட்டியாகத் தங்கும். அதை அடித்துத்தான் கசடு நீக்க வேண்டும்.

நந்தகோபாலின் படைப்புகளில் என்னை அதிகம் நிறுத்துவது எனாமல். அது கண்ணாடித் தூள். சுமார் 800 டிகிரியில் உருகிச் செம்பின்மேல் படியும். ஆறும்போது செம்பு கண்ணாடியைவிடக் கூடுதலாகச் சுருங்கி அதை இறுக்கிப் பிடிக்கும். கண்ணாடி இழுத்தால் உடையும்; அமுக்கினால் நன்றாகவே தாங்கும். இந்தச் சுருக்க வித்தியாசம் கைமீறினாலோ விரிசல்தான். அதனால் எந்தக் கண்ணாடித் தூள், எவ்வளவு கனம் என்பதை உலைக்குள் வைக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும்; நிறத்தைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான்.